வாய் திறக்காத பதினொரு பந்துகள்

1

மூன்று வாரமாக ஊரில் எனக்கு நல்ல பெயர். கிணத்துக்கடவில் எங்கள் வீதியில் இப்போது என் பேச்சுதானாம். "ஜெர்மனியில உக்காந்துட்டே அம்மாவைக் காப்பாத்திப்போட்டாளாமா" என்று பால்காரர் வரை சொல்லிக்கொண்டு போகிறாராம். தம்பி பிரபு இதைப் போனில் சொல்லும்போதெல்லாம் எனக்கு நாற்காலியில் உட்கார முடிவதில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறக்கிறேன். குளிர் முகத்தில் அடிக்கிறது, மூடுகிறேன். ஒரு காபி போடுகிறேன், அதையும் குடிப்பதில்லை.

உண்மை வேறு. அம்மாவின் நெற்றியில் வேர்வை அரும்பியதைப் பார்த்த பிறகு, பதினொரு பந்துகள் வரை நான் வாயைத் திறக்கவில்லை. நான் ஒரு நர்ஸ். கோயமுத்தூரில் எட்டு வருடம், இங்கே ஆறு வருடம் சர்வீஸ். அந்த மாதிரி வேர்வை எதனால் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். இருந்தும் கம்மென்று இருந்தேன். ஏனென்றால் அப்போது இந்தியாவுக்குப் பதினெட்டுப் பந்தில் இருபத்தேழு ரன் தேவைப்பட்டது.

இதை அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். மூன்று வாரமாகத் தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. அதற்கு முன் உங்களிடம் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

2

எங்கள் வீட்டில் மேட்ச் பார்ப்பது என்றால் எல்லோரும் டிவி முன்னால் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பது என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் நாங்கள் நான்கு பேர். அதில் மேட்ச் பார்ப்பது ஒன்றரைப் பேர். மற்றவர்கள் மேட்சை ஜெயிக்க வைப்பவர்கள்.

அப்பாவின் பெயர் வெள்ளியங்கிரி. தென்னந்தோப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், பிறகு இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் வாட்ச்மேனாகச் சேர்ந்து ஓய்வு பெற்றார். அவருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். ஆனால் அவர் டிவியைப் பார்த்தால் விக்கெட் விழும். இதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, அப்பாவுக்கே கிடையாது. நம் ஆட்கள் சேஸ் செய்ய இறங்கினால், யாரும் சொல்லாமலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். வீதியில் நிற்கும் மொபெட் மேல் உட்கார்ந்துகொள்வார். உள்ளே சத்தம் கேட்டால் தலையைத் திருப்பாமல், "ஏனுங்கம்மணி, நாலா ஆறா?" என்பார். பவுண்டரியில்கூட இவ்வளவு கறாராகக் காவல் இருந்திருக்க மாட்டார்.

தம்பி பிரபு தரையில் குப்புறப் படுத்து, தலையணை மேல் தாடையை வைத்துப் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பில் படுத்தவன், இப்போது முப்பது வயது, லேத் பட்டறையில் வேலை, இன்னும் அப்படித்தான். ஒரு முறை பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்த அன்றைக்கு மேட்ச் இருந்தது. மாப்பிள்ளை குப்புறப் படுத்தபடியே தலையை மட்டும் திருப்பி "வாங்க, வாங்க" என்றிருக்கிறான். போனவர்கள் போனவர்கள்தான்.

அம்மாவுக்கு ஒரு டீமில் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்பதுகூடத் தெரியாது. நார் மில்லில் இருபது வருடம் தேங்காய் மட்டையோடு மல்லுக்கட்டியவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? ஆனால் ஒரு நாள் அவர் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, கைவிட்டுப்போன ஆட்டம் ஒன்று திரும்பி வந்துவிட்டது. அவ்வளவுதான். அன்றிலிருந்து மேட்ச் என்றால் அம்மா அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து, வெங்காயம் உரிக்க வேண்டும். ஒரு கிலோ, சில நாள் ஒன்றரைக் கிலோ. அடுத்த இரண்டு நாளைக்கு வெங்காயச் சாம்பார், வெங்காயத் தொக்கு, வெங்காயம் போட்ட எல்லாமும். "ஜெயிச்சாலும் சாம்பாருதான், தோத்தாலும் சாம்பாருதான்" என்று அப்பா முனகுவார்.

என் இடம், ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள வாசற்படி. மற்ற நாளில் படியில் நின்றால் அம்மா திட்டுவார், வீட்டுக்கு ஆகாது என்று. ஆனால் நான் பிளஸ் டூ படிக்கும்போது, தம்பிக்குத் தண்ணீர் கொண்டுவந்த நேரத்தில் ஒரு சிக்சர் போனது. "அக்கா, நகராத!" என்று கத்தினான். செம்பும் கையுமாக ஒன்றரை மணி நேரம் படியில் நின்றேன். ஜெயித்த பிறகுதான் அவன் தண்ணீர் குடித்தான். நர்சிங் ஹாஸ்டலில் இருந்தபோது உக்கடத்தில் பஸ் ஏறி மேட்சுக்கு வீடு வந்திருக்கிறேன். வெள்ளகோவிலுக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் வந்திருக்கிறேன். "நோம்பி, பொங்கல்னா தாயூட்டுக்குப் போவாங்க, நீ மேட்சுக்குப் போறியா?" என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். 

3

இங்கே வருவதற்கு நான் கட்டிய காகிதக் கட்டுகளைப் பற்றித் தனியாக எழுதலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து ஒவ்வொன்றுக்கும் முத்திரை, மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு ஒரு முத்திரை. அத்தனையையும் தாண்டி வந்து நின்றது என் இனிஷியலில். வெ. கவிதா. குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டார்கள். 'வெ' என்றேன். ஒரே ஓர் எழுத்தை அவர்கள் கணினி பெயராக ஏற்றுக்கொள்ளாதாம். அப்பா பெயரை முழுசாக எழுதிக் கொடுத்தேன். ஆக, ஆறு வருடமாக வார்டில் எல்லோருக்கும் நான் ஃபிராவ் வெள்ளியங்கிரி, அதாவது திருமதி வெள்ளியங்கிரி. டிவி பார்க்க அனுமதி இல்லாமல் வீதியில் உட்கார்ந்திருக்கும் மனிதரை, ஜெர்மனியில் ஒரு நாளைக்கு நூறு முறை மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள்.

என் கணவருக்கு அவர் அப்பா பெயர், மகன் இனியனுக்கு அவன் அப்பா பெயர். தபால் பெட்டியில் மூன்று பெயரை எழுதி ஒட்டினோம். இந்த வீட்டில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று தபால்காரர் மணியடித்துக் கேட்டுவிட்டுப் போனார்.

பாஷையும் படுத்தியது. ஜெர்மனிலும் நீ, நீங்கள் உண்டு. நாம் பிறந்த குழந்தையையே "வாங்க சாமி" என்று கொஞ்சுகிறவர்கள். தாத்தாவைப் பார்க்க வார்டுக்கு வந்த நாலு வயதுப் பையனை நான் 'நீங்கள்' போட்டுப் பேச, அவன் பயந்துபோய் அம்மாவின் கோட்டுக்குள் புகுந்துகொண்டான். என் மகன் கதை நேர்மாறு. ஒன்பது வயதாகிறது. என் அம்மாவிடம் போனில், "அமுச்சி, நீ என்ன பண்றே?" என்கிறான். அம்மா சிரித்துக்கொள்வார். பின்னால் இருக்கும் அப்பா சிரிக்கமாட்டார்.

நான் கிளம்பி வந்த பிறகு நடந்த முதல் பெரிய மேட்சில் இந்தியா தோற்றது. மறுநாள் பிரபு கூப்பிட்டான். எப்படி இருக்கிறாய், குளிர் எப்படி, ஒன்றும் கேட்கவில்லை.

"அக்கா, வாசப்படி காலியா இருந்துச்சு. அதானுக்கா" என்றான்.

சிரித்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. ஒரு வீட்டில் நமக்கென்று ஓர் இடம் இருந்தது, அது இப்போது காலியாக இருக்கிறது என்று, வந்த இத்தனை நாளில் அவன் ஒருவன்தான் சொன்னான்.

அடுத்த மேட்சுக்கு ஏற்பாடு செய்துவிட்டான். வாசற்படியில் ஒரு முக்காலி, அதன் மேல் அரிசிப் படியைக் கவிழ்த்து, அதில் அம்மாவின் போனைச் சாய்த்து வைத்து வீடியோ கால். போன் ஹாலைப் பார்த்திருக்கும். நான் படியில் நிற்கிறேன் என்று கணக்கு. இந்தியா ஜெயித்தது. அதன் பிறகு என்னை யார் விடுவார்கள்?

4

ஒரே ஒரு சிக்கல். நான் இங்கே லேப்டாப்பில் பார்க்கும் ஆட்டம், வழக்கத்துக்கு மாறாக, கிணத்துக்கடவு கேபிளைவிட அரை நிமிடம் முன்னால் ஓடும். முதல் நாள் இது தெரியாமல் நான் "அய்யோ, அவுட்டு!" என்று கத்த, அங்கே பவுலர் அப்போதுதான் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிரபு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தான். போனில் ஹெட்செட்டைக் குத்திவிட்டான். என் சத்தம் அந்த ஒயரோடு போய் முக்காலிக்குக் கீழே தொங்கும். ஹாலில் யாருக்கும் கேட்காது. தன் போனையும் அணைத்து வைத்துவிடுவான், நண்பர்கள் யாராவது ஸ்கோர் அனுப்பித் தொலைத்துவிடுவார்கள் என்று.

"மூஞ்சிலயும் ஒன்னும் காட்டாதக்கா" என்று கட்டளை வேறு.

மூஞ்சியில் காட்டாமல் இருக்க நான் என்ன கல்லா? டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் அம்மா, போனுக்கு நேர் எதிரே இருப்பார். டிவியைப் பார்க்காத அவருக்குத்தான் எல்லோருக்கும் முன்னால் முடிவு தெரியும். நான் உதட்டைக் கடித்தால் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு "ப்ச்" என்பார். அரை நிமிடம் கழித்து பிரபு தலையில் அடித்துக்கொள்வான்.

என் மகனுக்கு இதெல்லாம் விளங்குவதில்லை. அவன் இங்கே உள்ளூர்க் கால்பந்து கிளப்பில் ஆடுகிறான். அவன் சட்டை, தொப்பி, தலையணை உறை எல்லாம் பக்கத்து நகரத்து டீமின் நிறத்தில். ஒரு நாள் நாற்காலியின் நுனியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "அம்மா, நீ அசைஞ்சா அங்க பால் எப்படி மாறும்?" என்று கேட்டான். "அது அப்படித்தான்" என்றேன். "அது சயின்ஸ் இல்லை" என்றான், மிகவும் கருணையோடு. போன மாதம் அவன் டீம் ஜெயித்த அன்று, துவைக்காத அதே காலுறையைத்தான் அடுத்த ஆட்டத்துக்கும் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தான். ஏனென்று நான் கேட்கவில்லை. ரத்தம் எங்கே போகும்?

5

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மேட்ச் ஆஸ்திரேலியாவில். நம் ஊரில் மதியம் ஒன்றேகாலுக்குச் சேஸ் தொடங்கியது, இங்கே காலை எட்டே முக்கால். மகன் மைதானத்துக்குப் போயிருந்தான். கணவர் கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அங்கே அப்பாவும் தம்பியும் இடைவேளையில் சாப்பிட்டுவிட்டார்கள். அம்மா சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காரப் போன நேரத்தில், "மொதல் ரெண்டு ஓவரு மட்டும் உக்காருங்கம்மா, அப்பறம் சாப்டுக்கலாம்" என்றிருக்கிறான் பிரபு. அம்மா வெங்காயக் கூடையோடு உட்கார்ந்தார். இரண்டு ஓவர் பத்து ஓவர் ஆனது. விக்கெட் விழாமல் இருந்ததால் எழுப்பவில்லை. பிறகு விக்கெட் விழுந்ததால் எழுப்பவில்லை. மூன்று மணி நேரம் ஓடிவிட்டது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். வேர்வையை மட்டும் அப்போதே பார்த்தேன்.

பதினெட்டுப் பந்து, இருபத்தேழு ரன். அம்மாவின் நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வேர்வை. மின்விசிறி தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. சமையல் செய்த சூடு என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய், அப்படி நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். நான்காவது பந்தில் ஒரு பவுண்டரி போனது. ஆறாவது பந்தில் அம்மாவின் விரல்கள் நடுங்குவது தெரிந்தது. இந்த ஓவர் முடியட்டும், சொல்கிறேன். ஓவர் முடிந்தது. அடுத்த ஓவரின் முதல் பந்தே சிக்சர். இப்போதா சொல்வது? இன்னும் ரெண்டு பந்து. எட்டாவது பந்து, ஒன்பதாவது. அம்மா உரித்த வெங்காயத்தை முறத்தில் இருக்கும் தோலோடு போட்டுவிட்டுத் தோலைக் கிண்ணத்தில் போட்டார். மறுபடியும் அப்படியே செய்தார். வார்டில் ஒரு நோயாளி தண்ணீர்க் குவளையைத் தட்டில் வைக்காமல் படுக்கையில் வைத்தாலே நான் ஓடிப்போய் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பேன். என் அம்மாவுக்கு இரண்டு பந்து தள்ளிப் போட்டேன்.

பதினொன்றாவது பந்தில் அம்மாவின் தலை லேசாகச் சாய்ந்தது. கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா! சக்கரை! டேய் பிரபு, அம்மாவைப் பாருடா!" என்று கத்தினேன். அத்தனையும் ஹெட்செட் ஒயரில் இறங்கி முக்காலிக்குக் கீழே தொங்கியது. நான் கத்துவதைப் பார்த்த அம்மா, சிக்சர் போயிருக்கிறது என்று நினைத்து மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன்.

அழைப்பைத் துண்டித்தால் அம்மாவின் முகமும் போய்விடும். ஓடிப்போய்க் கணவரின் போனை எடுத்து அப்பாவின் பட்டன் போனுக்கு அடித்தேன். மணி போனது, கட் செய்தார். மறுபடி அடித்தேன், மறுபடி கட். தெரியாத நம்பர் வந்தால் எடுக்காதீர்கள், ஏமாற்றிப் பணத்தைச் சுருட்டிவிடுவார்கள் என்று போன லீவில் அவருக்குப் பாடம் எடுத்ததே நான்தான். மூன்றாம் முறை எடுத்தார்.

"ஏனுங்க, எனக்கு லோனும் வேண்டாம் ஒன்னும் வேண்டாமுங்க. வெச்சுருங்க" என்றார்.

"அப்பா, நான் கவிதா! உள்ள போங்க! அம்மாவுக்குச் சக்கரை எறங்கிப்போச்சு, சக்கரை எடுத்து வாயில போடுங்க!"

மொபெட்டிலிருந்து எழுந்த சத்தம் கேட்டது.

"உள்ளயா அம்மணி? இப்பவா?"

"இப்பத்தானுங்கப்பா!"

போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருடத்தில் முதல் முறையாக, சேஸ் நடக்கும்போது என் அப்பா ஹாலுக்குள் வந்தார். டிவி பக்கம் கண் போய்விடக் கூடாதென்று துண்டை முகத்துக்குப் பக்கவாட்டில் திரை மாதிரி பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். குப்புறப் படுத்திருந்த பிரபு, "அப்பா! ஒரே ஓவருதான் இருக்குது, வெளிய போங்க!" என்று கத்தினான். அப்பா அவனைத் தாண்டி, சமையலறைக்குப் போகும் வழியில் என்னையும் முக்காலியையும் சேர்த்துத் தட்டிவிட்டு, நாட்டுச்சர்க்கரை டப்பாவோடு திரும்பினார். நான் தரையில் கிடந்தேன், அதாவது போன். மின்விசிறிதான் தெரிந்தது. "வாயத் தொற, முழுங்கு, முழுங்கு" என்று அப்பாவின் குரல். பிறகு பிரபுவின் குரல், "அம்மா, அம்மா."

என் லேப்டாப்பில் ஒரு பந்து ஆகாயத்தில் ஏறி எல்லைக்கோட்டுக்கு வெளியே விழுந்தது. இந்தியா ஜெயித்ததை எங்கள் வீட்டில் யாருமே பார்க்கவில்லை.

6

கால்மணி நேரத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் வாங்கிக் கொடுத்து, பெட்டி பிரிக்காமல் பீரோவில் இருந்த மெஷினில் சோதித்தபோது ஐம்பத்திரண்டு. அதுவே சர்க்கரை சாப்பிட்ட பிறகு. அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போடாமல் இருக்க முயல்கிறேன். பொள்ளாச்சி ரோட்டு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டு கைக்கு வராமல் மாத்திரையைத் தொடக்கூடாது என்று திட்டி அனுப்பினார்.

பிரபு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள், "அக்கா, யோசிச்சுப் பாத்தேன். அப்பா உள்ள வந்ததுனாலதான் ஜெயிச்சிருக்கோம்" என்றான். இனிமேல் கடைசி ஓவரில் அப்பா துண்டோடு உள்ளே ஓடிவர வேண்டுமாம். இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள், சொல்லுங்கள்.

எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. வார்டில் ஒருமுறை பார்க்க வேண்டிய சர்க்கரையை இரண்டு முறை பார்க்கிறேன். ஒரு பாட்டி விரலைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு, "ஃபிராவ் வெள்ளியங்கிரி, இப்போதுதானே குத்தினீர்கள்?" என்றார். வீட்டில் உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது.

போன வாரம், அம்மாவை மூன்று மாதம் இங்கே அழைத்து வருவதற்காக அரசு அலுவலகத்தில் எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். முன்பே பதிந்து வைத்திருந்தது. சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், எத்தனை சதுர மீட்டர், எல்லாம் கொண்டுபோனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஒவ்வொன்றாக டிக் செய்துகொண்டே வந்து, "இங்கிருக்கும்போது அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்றார்.  அவரே என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஓ, நீங்கள் நர்ஸ். அப்படியானால் கவலையே இல்லை" என்று சிரித்தார். காகிதத்தில் முத்திரை விழுந்தது. வெளியே வந்து, வந்த டிராமில் ஏறாமல் நான்கு நிறுத்தம் நடந்தே போனேன். ஊரில் பால்காரர் பாராட்டுகிறார், இங்கே அரசாங்கமே பாராட்டுகிறது. இதற்கு மேல் தாங்காது என்று தெரிந்துவிட்டது.

7

இவ்வளவும் உங்களிடம் சொல்லிப் பார்த்த பிறகு, வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். ஊரில் சாயங்காலம், அம்மா குக்கர் வைத்திருந்தார்.

"அம்மா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்."

"சொல்லு கண்ணு."

"அன்னிக்கு உங்களுக்கு வேர்த்தத நான் அப்பவே பாத்துட்டேனுங்கம்மா. கை நடுங்குனதும் பாத்தேன். பதினோரு பந்து கம்முனு இருந்துட்டேன்."

"எதுக்கு?"

"இந்தியா ஜெயிக்கட்டும்னு."

குக்கர் ஒரு விசில் அடித்தது. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார்.

"இதுக்கா மூனு வாரமா மொகத்த ஒரு மாதிரி வெச்சுட்டிருந்தே? ஏங்கண்ணு, எனக்கு வேர்த்தது எனக்குத் தெரியாதா? படபடன்னு வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. நாலு எட்டு வெச்சா சக்கரை டப்பா."

"அப்பறம் ஏனுங்கம்மா எந்திரிக்கல? தோத்துருவாங்கன்னா?"

"அவங்க ஜெயிச்சா எனக்கென்ன, தோத்தா எனக்கென்ன? நான் எந்திரிச்சா பிரபு ஆட்டம் போச்சும்பான். ஆட்டம் போச்சுன்னா நீ போன வெச்சுப்போடுவே." அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னார். "மத்த நாள்ல நீ பத்து நிமிசம் பேசறே. அதுலயும் பாத்தரம் கழுவிட்டே, துணி மடிச்சுட்டே, அங்கயும் இங்கயும் நடந்துட்டே. மேட்சன்னிக்குத்தான் ஒரே எடத்துல உக்காந்து, மூனு மணி நேரம் என்ர மொகத்தையே பாத்துட்டு இருக்கறே. இன்னுங் கொஞ்ச நேரந்தானே, பாத்துப்போட்டு எந்திரிச்சுக்கலாமுன்னு இருந்துட்டேன்."

 மேட்ச் அன்று என் போன் சாய்ந்திருப்பது லேப்டாப்பின் மேல். நான் பார்த்துக்கொண்டிருந்தது போனுக்கு மேலே இருக்கும் திரையை. பந்துக்கும் பந்துக்கும் நடுவில்தான் கண்ணைத் தாழ்த்தி அம்மாவைப் பார்ப்பேன். மூன்று மணி நேரமும் நான் அவரைத்தான் பார்க்கிறேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பதினொரு பந்தைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. இதை ஒருபோதும் சொல்லப் போவதில்லை.

நேற்று ஞாயிறு. இந்தியாவுக்கு ஆட்டம் எதுவும் கிடையாது. பிரபு ஒரு கல்யாணத்துக்காகக் கோபிசெட்டிபாளையம் போயிருந்தான். காலை எட்டரை மணிக்கு லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்தேன். மேசையில் போனை மட்டும் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்து, வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏங்கண்ணு, இந்நேரத்துல? இன்னிக்கு மேட்சா?" என்றார்.

"ஆமாங்கம்மா. சாப்டாச்சா?"

"இனிமேத்தான்."

"தட்டுல போட்டு எடுத்துட்டே வாங்க. வந்து உக்காந்து சாப்புடுங்க."

அம்மா சோறும் குழம்புமாகத் தட்டோடு வந்தார். முக்காலியில் போனைச் சரியாகச் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பின்னால் இருட்டாக இருக்கும் டிவியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"அப்பாவை டிவியப் போடச் சொல்லட்டா?" என்று கேட்டார்.

"வேண்டாங்கம்மா" என்றேன். "போட்டா அவுட்டாயிருவாங்க."

அம்மா என்னையே பார்த்தார். பிறகு தட்டைப் போன் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு அடுத்த வாயைப் பிசைந்தார்.